விண்டோஸைத் தொடாமல் லினக்ஸ்: விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் மின்ட் நிறுவுவது எப்படி?

லினக்ஸைப் பழக ஆசை, ஆனால் கணினியில் இருக்கும் விண்டோஸ் கெட்டுவிடுமோ என்று பயம். இப்படித் தயங்குபவர்களுக்கு ஏற்றது விர்ச்சுவல் மெஷின். விண்டோஸுக்குள் ஒரு சாளரத்தில் இன்னொரு கணினியே ஓடும். அதன் ஹார்டு டிஸ்க், உங்கள் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான். ரேமும் ப்ராசஸரும் உங்கள் கணினி பகிர்ந்து கொடுப்பவை. உள்ளே லினக்ஸை என்ன பாடு படுத்தினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இங்கே ஆரக்கிளின் இலவச மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் 7-ஐயும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும் எடுத்துக்கொள்வோம். மின்ட்டின் மற்ற பதிப்புகளும் ஓடும். எக்ஸ்எஃப்சிஇ எடை குறைவு என்பதால் விர்ச்சுவல் மெஷினுக்குத் தோதானது. உங்கள் கணினியில் 8 ஜிபி ரேம், 40 ஜிபி காலி இடம், 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர் வேண்டும். ஆப்பிள் எம் வரிசைச் சிப் உள்ள மேக்குக்கு இந்த ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் முழு நகலான கோப்பு) பொருந்தாது.

முதலில் இதைச் சரிபாருங்கள்

பலர் நேரே நிறுவலில் குதித்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வது இங்கேதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு'வைச் சொடுக்குங்கள். 'விர்ச்சுவலைசேஷன்' (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் ப்ராசஸர் வசதி) என்ற வரியில் 'எனேபிள்டு' என்று இருந்தால் நல்லது. 'டிஸேபிள்டு' என்றிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் 'விடி-எக்ஸ் இல்லை' என்ற பிழையோடு நின்றுவிடும்.

அந்த வசதியை இயக்க, கணினியை மறுதொடக்கம் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போக வேண்டும். மாடலைப் பொறுத்து எஃப்2, எஃப்10, டெலீட் ஆகியவற்றில் ஒன்று அதற்கான விசையாக இருக்கும். இன்டெல்லில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்' என்ற பெயரைத் தேடி 'எனேபிள்' செய்து சேமியுங்கள். டிஸ்க்கில் விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸ் மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவிறக்கமும் சோதனையும்

விர்ச்சுவல்பாக்ஸை அதன் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' இல்லை என்று சொன்னால், அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முதலில் நிறுவிவிட்டுத் திரும்ப வாருங்கள். பைதான் பற்றி எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்தாமல் தொடரலாம். இடையில் இணையம் சில நொடிகள் துண்டிக்கப்படும். ஏதாவது பதிவிறக்கம் ஓடிக்கொண்டிருந்தால் முடியட்டும்.

மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும். இறக்கியதும் அதன் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். செவன்-ஸிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கிலேயே அந்த எண்ணைப் பார்க்கலாம். அரைகுறையாக இறங்கிய ஐஎஸ்ஓ சில சமயம் நன்றாகத் தொடங்கி, நிறுவலின் பாதியில் புரியாத பிழையோடு விழும். இரண்டு நிமிடச் சோதனை அந்தத் தலைவலியைத் தவிர்க்கும்.

மெஷினை உருவாக்குதல்

1. 'நியூ' பொத்தானை அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். கோப்புறை, போதிய இடமுள்ள டிரைவில் இருக்கட்டும். எஸ்எஸ்டி என்றால் வேகம் நன்றாகத் தெரியும்.

2. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும், தானே நிறுவிக்கொள்ளும் 'அன்அட்டெண்டெட்' வசதியை மறுத்துவிடுங்கள். அது தன் விருப்பத்துக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, நிர்வாகி உரிமையில் சிக்கல் உண்டாக்கும்.

3. ரேம்: கணினியில் 8 ஜிபி இருந்தால் 3072 எம்பி, 16 ஜிபி இருந்தால் 4096 எம்பி. நிறையக் கொடுத்தால் வேகமாக ஓடும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸுக்கு ரேம் பற்றாமல் போனால் அது டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கும். அப்போது உள்ளேயும் வெளியேயும் இரண்டுமே தவழும். பட்டையில் பச்சைப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

4. ப்ராசஸர் 2 போதும்.

5. டிஸ்க் 30 ஜிபி. முழு அளவையும் முன்பதிவு செய்யும் தேர்வை விட்டுவிடுங்கள். அப்போது கோப்பு, பயன்படுத்தும் அளவுக்கு மட்டுமே வளரும். ஆனால் உள்ளே எதையாவது அழித்தால் அது தானாகச் சுருங்காது.

முடித்ததும் 'செட்டிங்ஸ்', 'டிஸ்ப்ளே' பகுதியில் வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். 3டி வசதியை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். கறுப்புத் திரை வருவதற்கு அது அடிக்கடி காரணமாகிறது.

நிறுவல்

'ஸ்டார்ட்' கொடுத்தால் மின்ட்டின் டெஸ்க்டாப் வரும். அது இன்னும் நிறுவப்படவில்லை, ஐஎஸ்ஓவிலிருந்து ஓடுகிறது. 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' சின்னத்தை இரட்டைச் சொடுக்குங்கள். மவுஸ் சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை அழுத்த வெளியே வரும். திரை சிறிதாக இருந்து பொத்தான்கள் கீழே மறைந்தால், ஆல்ட் விசையை அழுத்தியபடி மவுஸால் சாளரத்தை மேலே இழுங்கள்.

'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற கேள்வியைப் பார்த்ததும் கை நடுங்கும். இங்கே அழியப்போவது அந்த 30 ஜிபி கோப்புக்குள் இருக்கும் வெற்றிடம்தான். விர்ச்சுவல் மெஷினுக்கு உங்கள் உண்மையான டிஸ்க் கண்ணிலேயே படாது. தைரியமாகத் தொடருங்கள். நிஜக் கணினியில் யுஎஸ்பி வழியாக நிறுவும்போது மட்டும் இதே பதிலைச் சொல்லிவிடாதீர்கள்!

முடிந்து மறுதொடக்கம் ஆகும்போது நிறுவல் வட்டை எடுக்கச் சொல்லும். என்டர் அழுத்தினால் போதும். மறுபடியும் பழைய நிறுவல் டெஸ்க்டாப்பே வந்தால், 'டிவைசஸ்' மெனுவில் 'ஆப்டிகல் டிரைவ்ஸ்' போய் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

மெதுவாக ஓடினால்

மெஷின் சாளரத்தின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமை இருந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி, அந்த ப்ராசஸர் வசதியைத் தன் கையில் வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது என்று பொருள். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் 'ஹைப்பர்-வி', 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' ஆகியவற்றின் குறிகளை நீக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். ஆமை அப்படியே இருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கோர் ஐசொலேஷன்' பகுதியின் 'மெமரி இன்டக்ரிட்டி'யும் காரணமாக இருக்கலாம். அது ஒரு பாதுகாப்பு வசதி. வேகம் உங்களுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தால் அணைக்காமலே விடுவது நல்லது. டபிள்யுஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் வசதி) பயன்படுத்துபவர்களுக்கு இந்த மாற்றங்களால் அது நின்றுபோகும்.

கோப்புகளைப் பகிர

'டிவைசஸ்' மெனுவின் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' பகுதியில் விண்டோஸ் கோப்புறை ஒன்றைச் சேர்த்து, 'ஆட்டோ-மவுண்ட்' குறியிடுங்கள். திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால், மின்ட்டின் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' பகுதியில் உங்கள் பயனரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து, மெஷினை மறுதொடக்கம் செய்யுங்கள். இதற்கும், திரை தானாக அளவு மாறுவதற்கும் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள் மின்ட்டுக்குள் தேவை. அது இல்லையென்றால் 'டிவைசஸ்' மெனுவிலேயே அதன் வட்டைச் செருகி நிறுவலாம்.

ஸ்னாப்ஷாட்

அப்டேட்டுகளை முடித்ததும், மெஷினை அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். பின்னால் எதையாவது உடைத்தால் அந்த நிலைக்கே திரும்பலாம். திரும்பும்போது, இடையில் நீங்கள் சேமித்தவையும் போய்விடும். ஸ்னாப்ஷாட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் நிறையும். மூலக் கோப்பு கெட்டால் அவையும் பயனற்றவை; ஆகவே முக்கியமான கோப்புகளுக்குத் தனி நகல் வேண்டும்.

அன்றாடம் சாளரத்தை மூடும்போது 'சேவ் ஸ்டேட்' தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'பவர் ஆஃப்' என்பது மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். மெஷின் உறைந்துபோனால் மட்டும் அதைத் தொடுங்கள்.

மெஷின் வேண்டாம் என்று ஆகிவிட்டால், விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் வலது சொடுக்கி 'ரிமூவ்' கொடுத்து, எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் தேர்வை எடுங்கள். கோப்புறையை நேரடியாக விண்டோஸில் அழித்தால், பட்டியலில் 'இன்அக்ஸசிபிள்' என்று அதன் பெயர் நின்றுகொண்டே இருக்கும்.