குழந்தை விழித்திருக்கும்போதே குரோஷே பின்னுவது எப்படி?

என் மகளுக்கு இரண்டு வயது. நூல்கண்டு கண்ணில் பட்டால் போதும், அடுத்த நிமிடம் அது சோபாவின் காலைச் சுற்றியிருக்கும். அதனால் கண்டை ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் துளையிட்டு, நுனியை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். துளையின் விளிம்பைத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் பிசிறும்.

பாதியில் எழுந்து ஓட வேண்டி வரும். கடைசிக் கண்ணியை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டு ஊசியை உயரத்தில் வையுங்கள். அவள் நூலைப் பிடித்து இழுத்தால் போச்சு, அது வேறு கதை.

ஆன்லைனில் நூல் வாங்கும்போதுதான் நான் ஏமாந்தேன். யானை பொம்மைக்கு மூன்று கண்டுகள் வாங்கினேன், ஒரு காது மிச்சமிருக்கும்போது தீர்ந்துவிட்டது. அதே பெயர், அதே நிற எண் பார்த்து நாலாவது வாங்கினால் சாம்பல் நிறத்தில் நீலம் தட்டுகிறது! ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் நிறம் கொஞ்சம் மாறும். லேபிளில் இருக்கும் சாயத்தொகுதி எண் அதற்குத்தான். தேவைக்கு மேல் ஒரு கண்டு சேர்த்தே வாங்குங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டுவிட்டேன், திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அப்புறம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கென்றால் பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் வேண்டாம். பிய்ந்து வந்தால் நேராக வாய்க்குத்தான் போகும். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள்.

யானைக்கு இப்போது ஒரு காது நீலம். அவள் அந்தக் காதைப் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறாள்.