தாழ்த்திய வண்டியில் பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்டலாம்? எப்படி வெட்டுவது?

பிக்கப்பையோ எஸ்யூவியையோ இரண்டு அங்குலம் இறக்கிவிட்டால் நிற்கிற அழகே தனி. ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். முன்பு கண்டுகொள்ளாமல் போன சின்னப் பள்ளத்தில்கூட ‘டொக்’ என்று முதுகில் ஓர் அடி விழும். ஸ்பிரிங் சரியில்லை, ஷாக் (குலுக்கலை அடக்கும் உருளை) போய்விட்டது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் துண்டுதான்.

சக்கரம் மேலே எழும்பும்போது ஓர் எல்லைக்கு மேல் போகவிடாமல் தாங்கிப் பிடிப்பது பம்ப் ஸ்டாப். பின்பக்கம் முழு ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டிகளில் ஆக்சிலுக்கு நேர் மேலே சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், தொங்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் வண்டிகளில் ஷாக்கின் கம்பியிலேயே, தூசி உறைக்குள் ஒளிந்திருக்கும். வண்டி 50 மி.மீ. இறங்கினால், ஆக்சிலுக்கும் இதற்கும் இருந்த இடைவெளியும் அதே 50 மி.மீ. குறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டி ஸ்பிரிங்கில் ஓடாமல் ரப்பரில் ஓடும். வளைவில் இன்னும் மோசம். வெளிப்பக்கம் சாய்ந்து ரப்பர் முட்டியதும் அந்த மூலை மட்டும் திடீரென்று விறைத்து, டயர் பிடிப்பை விட்டுவிடும்.

சரி, கழற்றி எறிந்துவிட்டால்? என் முதல் வண்டியில் நான் செய்தது அதைத்தான். இரண்டு நாள் சுகமாக ஓடியது. மூன்றாம் நாள் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மட்கார்டின் உள்பக்கம் டயர் தேய்த்த கறுப்புக் கோடு. ஷாக்கின் கழுத்தில் எண்ணெய் வழிகிறது. ஷாக் முழுதும் மூடி உள்ளே முட்டினால் அதன் வால்வும் சீலும் தாங்காது. ஆகவே பம்ப் ஸ்டாப் இருக்கத்தான் வேண்டும். அதன் நீளத்தைத்தான் நாம் திருத்தப் போகிறோம்.

1. இடைவெளியை அளங்கள்

சமதரையில், வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியை நிறுத்துங்கள். பம்ப் ஸ்டாப்பின் நுனியிலிருந்து அது முட்டும் இடம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். கொஞ்சம் வித்தியாசம் இருப்பது சகஜம்.

முன்பக்கம் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) உள்ள வண்டி என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். அங்கே பம்ப் ஸ்டாப் சக்கரத்தைவிட சேசிஸுக்கு நெருக்கமாக இருக்கும். சக்கரம் 50 மி.மீ. எழும்பினால் பம்ப் ஸ்டாப் இருக்கும் இடம் அதைவிடக் குறைவாகத்தான் நகரும். மட்கார்டு உயரத்தை அளந்துவிட்டு அதே கணக்கில் வெட்டினால் தப்பாகப் போகும். அளவை ரப்பர் இருக்கும் இடத்திலேயே எடுங்கள்.

2. முதலில் எது முட்டும் என்று பாருங்கள்

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். எனக்கு இதுதான் முழு வேலையும். வெட்டுவது பத்து நிமிடம்.

எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பின்பக்கம் காயில் (சுருள்) ஸ்பிரிங் என்றால் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஆக்சிலை மெதுவாக இறக்கி, ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள். பம்ப் ஸ்டாப்பையும் கழற்றிவிட்டு, ஷாக்கையும் சக்கரத்தையும் மறுபடி மாட்டுங்கள். இப்போது ஆக்சிலை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குங்கள். டயர் மட்கார்டைத் தொடுகிறதா, ஷாக் மூடிக்கொண்டதா, புகைக்குழாய் இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் நசுங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கியும் பாருங்கள். டயர் சாய்ந்து உள்ளே நுழைவது அப்போதுதான் தெரியும். முதல் முட்டல் நடக்கும்போது, பம்ப் ஸ்டாப் மாட்டும் இடத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வண்டியில் இப்படித் தூக்கிப் பார்ப்பது சிரமம். ஷாக்கைக் கழற்றி, முழுதும் அமுக்கி, போல்ட் துளையிலிருந்து போல்ட் துளை வரை அளங்கள். வண்டி நிற்கும்போது அதே அளவு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஷாக்கில் மிச்சமிருக்கும் ஓட்டம். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியையும் டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். எது குறைவோ அதுதான் எல்லை.

முன்பக்க ஸ்ட்ரட்டைப் பிரிப்பதைப் புதியவர்கள் தொட வேண்டாம். அமுங்கிய நிலையில் இருக்கும் ஸ்பிரிங் எகிறினால் கை போய்விடும், பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

3. கணக்கு

பம்ப் ஸ்டாப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று கெட்டி ரப்பர். கொஞ்சம் நசுங்கியதும் கல்லாகிவிடும். இன்னொன்று நுண்துளைகள் கொண்ட பாலியூரிதேன் நுரை. வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கும், மெதுவாக இறுகும், நல்ல சரக்கு உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை நசுங்கும். உங்களிடம் இருப்பதைப் பெஞ்ச் வைஸில் வைத்து, இனி நகராது என்ற அளவுக்கு இறுக்கிப் பார்த்தாலே எவ்வளவு நசுங்குகிறது என்று தெரிந்துவிடும். தாழ்த்திய வண்டிக்குக் கெட்டி ரப்பரை வெட்டுவதைவிட நுரை வகைக்கு மாறுவதே மேல் என்பது என் கருத்து.

ஓர் உதாரணம். வண்டியை 50 மி.மீ. இறக்கியாயிற்று. நுரை ஸ்டாப்பின் நீளம் 80 மி.மீ.; ஆக்சிலுக்கு மேல் இடைவெளி 20 மி.மீ. ஆக மாட்டும் இடத்திலிருந்து ஆக்சில் வரை 100 மி.மீ. ஆக்சில் 90 மி.மீ. ஏறினால் ஷாக் மூடிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மிச்சம் 10 மி.மீ. பாதுகாப்புக்கு 12 மி.மீ. சேர்த்தால் 22. அதாவது, முழுதும் நசுங்கிய பிறகும் ஸ்டாப் 22 மி.மீ. தடிமனாக நிற்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நசுங்கி ஒரு பங்கு மிஞ்சும் என்றால் அதன் நீளம் 66 மி.மீ. இருந்தாக வேண்டும். ஆக, வெட்டக்கூடியது 14 மி.மீ. மட்டும்.

‘50 இறக்கினேன், 50 வெட்டுகிறேன்’ என்று போயிருந்தால்? மிஞ்சுவது 30, நசுங்கினால் 10. ஷாக்கும் சரியாக அங்கேதான் மூடுகிறது. என் வண்டியில் எண்ணெய் வழிந்த கதைதான்.

வெட்டவே இடமில்லை என்று கணக்கு சொன்னால் அதை மீறாதீர்கள். தாழ்த்திய வண்டிக்கென்று வரும் குட்டை ஷாக்கை முதலில் மாட்டிவிட்டு மறுபடி அளங்கள். ஆக்சில் சேசிஸையே முட்டும் அளவுக்கு இறக்கியிருந்தால், சேசிஸில் பிறைபோல வெட்டி வலுத்தகடு வைக்க வேண்டியிருக்கும். அது தேர்ந்த வெல்டரின் வேலை.

4. வெட்டுதல்

பழைய ஜோடியைப் பத்திரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒரு ஜோடி வாங்கி அதில் வெட்டுங்கள். நுனி கூம்பாக இருப்பது சும்மா இல்லை. முதல் தொடுதல் மெத்தென்று இருப்பது அதனால்தான். முடிந்தால் நுனியை விட்டுவிட்டு, தட்டையான அடிப்பக்கத்தில் வெட்டுங்கள். அடிப்பக்கத்தில் கிண்ணத்துக்குள் பொருந்தும் விளிம்போ போல்ட்டோ இருந்தால் வேறு வழியில்லை, நுனியில்தான் வெட்ட வேண்டும். அப்போது வெட்டிய ஓரத்தைச் சரித்துத் தேய்த்து மறுபடி கூம்பாக்குங்கள்.

கோடு நேராக வர ஒரு வழி இருக்கிறது. ஹோஸ் கிளிப் ஒன்றைக் குறித்த இடத்தில் மாட்டி இறுக்குங்கள். அதன் ஓரத்தை ஒட்டியே கத்தியை ஓட்டினால் வெட்டு கோணாது. கூர்மையான நீளக் கத்தி, அதில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். நுரை வெண்ணெய்போல அறுபடும். கெட்டி ரப்பருக்குப் பல் நெருக்கமான ஆக்சா பிளேடு. கத்தியைச் சூடாக்கி அறுக்க வேண்டாம், பாலியூரிதேன் புகை நுரையீரலுக்கு ஆகாது. தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள். கணக்கில் 14 வந்தாலும் முதலில் 10 மட்டும் வெட்டி மாட்டுங்கள்.

5. ஓட்டிப் பார்த்தல்

ஷாக்கின் கம்பி வெளியே தெரிந்தால், அதில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைச் சுற்றி, ஷாக் உடம்போடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். தெரியாவிட்டால் ஸ்டாப் நுனியில் சாக்பீஸ் தடவுங்கள். முட்டியிருந்தால் ஆக்சிலில் வெள்ளைத் தடம் விழும். முதலில் வெறும் வண்டியாக, அப்புறம் முழுச் சுமையோடு, தெரிந்த மேடு பள்ளங்களில் நிதானமாக ஓட்டுங்கள். இறங்கிப் பார்க்கும்போது டை கம்பியின் கடைசிக்கு 10 மி.மீ.க்குள் போயிருந்தால் அதிகம் வெட்டிவிட்டீர்கள். அந்த ஜோடியைக் கழற்றிவிட்டு நீளமானதைப் போடுங்கள். டை நிறையத் தள்ளி நிற்கிறது, ஆனால் ‘டொக்’ இன்னும் கேட்கிறது என்றால் மீதி 4 மி.மீ.யை எடுக்கலாம். கழற்றிய போல்ட்டுகளை ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.