மாடு வாங்குகிறீர்களா? மூன்று நாள் பொறுங்கள்
கோத்தகிரி, குன்னூர் பக்கம் கறவை மாடு வாங்குகிறவர்கள் முன்பணம் மட்டும் கொடுங்கள். விற்பவர் கொட்டகையிலேயே கால்நடை மருத்துவரை வைத்து, காசநோய் இருக்கிறதா என்று காட்டும் டியூபர்குலின் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து முடிவைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம்.

காசநோய் உள்ள மாடு மாதக்கணக்கில் இருமாமல், மெலியாமல், பாலும் கறந்துகொண்டு நிற்கும், பார்வைக்குத் தெரியாது. கழுத்தில் மயிரை மழித்து, தோல் மடிப்பின் தடிமனை அளந்துகொண்டு ஊசி போடுவார்கள். மூன்றாம் நாள் அதே இடம் முன்பு அளந்ததைவிட 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் அந்த மாடு வேண்டாம். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் படுதா கட்டி அடைக்கிறோமே, அந்தக் கொட்டகையில் ஒரு மாட்டின் மூச்சே மற்றவற்றுக்கும் போதும்.

அண்மையில் கன்று ஈன்ற மாட்டிலும், நோய் முற்றி எலும்பும் தோலுமான மாட்டிலும் வீக்கம் வராமல் ஏமாற்றும். ஏற்கெனவே இந்த ஊசி போட்டிருந்தால் 42 நாளாவது போக வேண்டும். விற்பவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள், அவராகச் சொல்ல மாட்டார்.