கேட்காமலே நடக்கும் பேக்கப்: வீட்டு வைஃபையில் அமைக்கும் விதம்

வீட்டில் யூஎஸ்பி டிஸ்க் இருந்தும் பேக்கப் இல்லாமல் போவது சாதாரணம். டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும், கேபிளைத் தேட வேண்டும், செருகிவிட்டு முடியும்வரை லேப்டாப்பை நகர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். இதை வாரம் தவறாமல் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வயர்லெஸ் பேக்கப்பின் பயனே இங்கேதான். லேப்டாப்பைத் திறந்து நம் வேலையைத் தொடங்கினால் போதும், நகலெடுக்கும் வேலை பின்னால் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே யாராவது என்னிடம் இதை அமைக்கச் சொல்லிக் கேட்டால், வேகத்தைப் பற்றி நான் கடைசியில்தான் பேசுவேன். வாரக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டாலும் அது பாட்டுக்கு ஓட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் மனைவியின் மேக், மகளின் விண்டோஸ் லேப்டாப், லினக்ஸ் ஓடும் என்னுடைய லேப்டாப், அப்பாவின் டெஸ்க்டாப் என்று நான்கு கணினிகள். தாத்தா எழுதிய கடிதங்களை அப்பா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். கடிதங்களில் மை ஏற்கெனவே மங்கிவிட்டது, தாளின் மடிப்பில் இருக்கும் வரிகளை இப்போது ஸ்கேனில்தான் படிக்க முடிகிறது. அந்த ஒரு ஃபோல்டரை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் அமைத்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும். அது எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிஸ்க் கேபிளில், லேப்டாப் காற்றில்

வயர்லெஸ் என்றதும் பேக்கப் டிஸ்க்கையும் வைஃபையில் இணைக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு பைட்டும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டிஸ்க்குக்கு இன்னொரு முறை காற்றில் போகும். வேகம் பாதியாகிவிடும். வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்ப்பதும் சேர்ந்து தடுமாறும். டிஸ்க் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஈதர்நெட் கேபிளிலோ யூஎஸ்பியிலோ இணைந்திருக்கட்டும். காற்றில் போவது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே மட்டும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மிகச் சுலபமானது ரவுட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் ஒரு டிஸ்க்கைச் செருகுவது. செலவு குறைவு, ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையில் மட்டும் பேசும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அந்த முறை இயல்பாக நிறுவப்படுவதில்லை. ‘எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யுங்கள், டிஸ்க் தெரியும்’ என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். அதே 2017 மே மாதத்தில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது அந்த எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அப்படிப்பட்ட ரவுட்டர் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்குப் பிடிபடாத சிக்கல். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது வெளியிடும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை ரவுட்டரின் முதுகில், ஆன்டெனாவை ஒட்டிச் செருகிவிட்டு பேக்கப் தொடங்கியதும் வீட்டின் பழைய ஃபோன் வைஃபையை விட்டுவிடும். பேக்கப் முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். காரணம் தெரியாமல் ரவுட்டரையே மாற்றியவர்கள் உண்டு. இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையுள்ள நல்ல கேபிள் போட்டு டிஸ்க்கை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், கணினிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அத்தோடு தீரும்.

இரண்டாவது வழி நாஸ் பெட்டி, அதாவது ரவுட்டரோடு கேபிளில் இணைந்து வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக இருக்கும் டிஸ்க் பெட்டி. சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. கணினிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனி இட அளவு, மேக்கிலேயே வரும் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு ஆதரவு எல்லாம் தயாராக வரும்.

மூன்றாவது, ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியிலோ சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருளை நிறுவி நாமே உருவாக்கிக்கொள்வது. பை 4-இல் முழு கிகாபிட் ஈதர்நெட்டும் யூஎஸ்பி 3.0-வும் இருக்கின்றன. ஆனால் அதன் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் கொடுத்துவிடுங்கள். லினக்ஸில் கைவைக்கப் பிடிக்கும் என்றால் இது அருமையான வழி. பிடிக்காது என்றால் நாஸே நல்லது.

டிஸ்க் வாங்கும்போது அளவைப் போலவே வகையையும் பாருங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் தரவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத, அடுத்தடுத்த தடங்களையும் எடுத்து மறுபடி எழுத வேண்டும். அடிக்கடி எழுதி அழிக்கும் பேக்கப் வேலையில் அது திணறும். தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று விவரத்தில் போட்டிருப்பதை எடுங்கள். அளவு, எல்லாக் கணினிகளின் தரவையும் கூட்டி அதைப் போல இரண்டு மடங்கு.

வைஃபையைச் சோதித்தல்

லேப்டாப்பை வழக்கமாக எங்கே வைத்து வேலை செய்வீர்களோ அங்கேயே வைத்துப் பாருங்கள். ரவுட்டர் பக்கத்தில் நின்று சோதிப்பதில் பயனில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸுக்குள் போனால் லிங்க் ஸ்பீடு தெரியும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் டிஎக்ஸ் ரேட் என்ற இணைப்பு வேகம், ஆர்எஸ்எஸ்ஐ என்ற சிக்னல் வலிமை இரண்டும் வரும். ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் எண்ணாக இருக்கும், பூஜ்யத்துக்கு அருகே வர வர நல்லது. மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் நிம்மதி. மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் பேக்கப் அடிக்கடி அறுந்துபோகும்.

லிங்க் ஸ்பீடைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். கையில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. அதுவும் மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால்தான் மெகாபைட். 400 என்று காட்டினால் 200, அதை எட்டால் வகுத்தால் நொடிக்கு 25 மெகாபைட். தினசரி பேக்கப்புக்கு இதுவே தாராளம். அன்றாடம் மாறும் ஃபைல்கள் கொஞ்சம்தான்.

வேகம் போதவில்லையா? ரவுட்டரை உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு அலமாரிக்குள்ளும் மீன்தொட்டிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள், உலோகமும் தண்ணீரும் அலையை விழுங்கும். முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸ். 2.4-இல்தான் இருந்தாக வேண்டும் என்றால், 1, 6, 11 ஆகிய சேனல்களில் அக்கம்பக்கத்தில் எது குறைவாகப் பயன்படுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். அவை மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. ரவுட்டரோடு துணைப் பெட்டிகளும் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தரும் மெஷ் போடுவதாக இருந்தால், துணைப் பெட்டிக்கும் ஒரு கேபிள் இழுத்துவிடுவது நல்லது.

முதல் பேக்கப்பைக் கேபிளில் எடுங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வயர்லெஸ் பேக்கப்பைப் பாதியில் கைவிட்டவர்களில் பலர் முதல் பேக்கப்பிலேயே பொறுமை இழந்தவர்கள். 500 ஜிபி தரவு, நொடிக்கு 5 மெகாபைட் தரும் நெரிசலான 2.4-இல் போனால் 27 மணி நேரத்தைத் தாண்டும். 25 மெகாபைட் என்றால் ஐந்தரை மணி நேரம். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் வரை போகும், கணக்குப்படி ஒன்றேகால் மணி நேரம். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் எதிலும் இதைவிட இழுக்கும், ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாகப் பேச்சுவார்த்தை நடப்பதால் வைஃபையில் இன்னும் இழுக்கும். இரவு கேபிளில் போட்டுவிட்டுப் படுங்கள்.

கேபிள் போட்டும் 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவில்லை என்றால் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஒரு கம்பி அறுந்தாலும் பல நேரங்களில் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். கேட் 5இ என்று அச்சிட்ட வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், டிஸ்க்கின் முகவரி மாறாமல் இருக்க ரவுட்டரில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பகுதியில் நாஸுக்கு ஒரு நிரந்தர ஐபி ஒதுக்கிவிடுங்கள். லேப்டாப் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் நாஸ் கண்ணில் படாது. விண்டோஸில் வீட்டு வைஃபை பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பிரைவேட் என்று மாற்றுங்கள்.

ஒவ்வொரு கணினியிலும்

மேக்கில் வேலை குறைவு. டைம் மெஷினில் நாஸின் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷனை ஆன் செய்தால் முடிந்தது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு நகல், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன்பு வாரத்துக்கொன்று என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் கிடைத்த இடம் முழுவதையும் நிரப்பிய பிறகுதான் பழையதை அழிக்கத் தொடங்கும். நாஸில் அந்தக் கணக்குக்கு இட வரம்பு போடாவிட்டால் மற்றவர்களுக்கு இடமிருக்காது.

விண்டோஸில் பேக்கப் வசதி கன்ட்ரோல் பேனலுக்குள் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் மணிக்கொருமுறை என்பது இயல்பாகவே இருக்கும். பழைய நகல்களை ‘ஃபார்எவர்’ வைத்திருப்பதாக இருப்பதை ஒரு வருடம் என்பதுபோல மாற்றலாம். இது டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களை மட்டும்தான் எடுக்கும். அப்பா தன் ஸ்கேன்களை டி டிரைவில் வைத்திருந்தார், அந்த ஃபோல்டரை லைப்ரரியில் சேர்த்த பிறகே அது பேக்கப்புக்குள் வந்தது. உங்கள் முக்கியமான ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை இந்த இடத்தில் கட்டாயம் பாருங்கள். லினக்ஸில் பேக்கப் மென்பொருள், சுலபத்துக்கு டெஜா டப், கமாண்ட் லைன் பழக்கமென்றால் ரெஸ்டிக்.

பேக்கப்பையும் காப்பாற்ற வேண்டும்

ரேன்சம்வேர் லேப்டாப்பில் புகுந்தால், அந்த லேப்டாப்புக்கு எழுத அனுமதியுள்ள நெட்வொர்க் ஃபோல்டர்களையும் பூட்டிவிடும். பேக்கப் ஃபோல்டரும் அதில் சேர்த்தி. அதனால் நாஸிலேயே ஸ்னாப்ஷாட் வசதியை ஆன் செய்யுங்கள். அது பெட்டிக்குள்ளே எடுக்கப்படும் நகல், லேப்டாப்பிலிருந்து அதைத் தொட முடியாது. நாஸின் அட்மின் பாஸ்வேர்டை எந்தக் கணினியிலும் சேமித்து வைக்காதீர்கள். இரண்டு டிஸ்க் போட்டு, இரண்டிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு அமைத்தால் ஒரு டிஸ்க் செத்தாலும் தப்பிக்கலாம், ஆனால் தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். ரெய்டை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பாஸ்வேர்டுக்குப் பதில் பின் எண்ணாலோ பட்டனாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின்னை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே வெளிவந்துவிட்டது. வெளியிலிருந்து நாஸைத் திறக்க ரவுட்டரில் ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட்டைத் திறந்துவிடுவது பெரிய ஆபத்து. அதைச் செய்யவே வேண்டாம்.

தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தால் ரவுட்டரும் நாஸும் சேர்ந்தே போகும். எனவே மாதம் ஒருமுறை நாஸில் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி முக்கியமானவற்றை என்கிரிப்ட் செய்து நகலெடுத்து, என் தங்கை வீட்டில் கொடுத்து வைக்கிறோம். அவளுடைய டிஸ்க் எங்கள் வீட்டில் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரு புகைப்படம், பழைய பதிப்பு உள்ள ஓர் ஆவணம் இரண்டையும் வேறொரு ஃபோல்டருக்கு மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். பெயர் தெரிவது போதாது, உள்ளே திறக்க வேண்டும். அடுத்து, அந்த லேப்டாப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு வேறொரு கணினியிலிருந்து செய்து பாருங்கள். ஃபைல் ஹிஸ்டரி சேமிப்பவை சாதாரண ஃபைல்கள்தான், பெயரின் கடைசியில் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும், எந்தக் கணினியிலும் திறக்கும். டைம் மெஷின் நகலுக்கு இன்னொரு மேக்கும் என்கிரிப்ஷன் பாஸ்வேர்டும் வேண்டும். அந்த பாஸ்வேர்டு மறந்தால் நகல் இருந்தும் இல்லாததுதான், யாராலும் திறந்து தர முடியாது. அதை ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.