பழைய ஜி.ஐ. குழாய்களை மாற்றப் போகிறவர்களுக்கு

1980களிலும் அதற்கு முன்பும் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்களே, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களே, சுவருக்குள் ஓடுகின்றன. அவற்றின் துத்தநாகப் பூச்சு தேய்ந்தபின் உள்ளே துரு ஏறுகிறது; ஆழ்துளைக் கிணற்று உப்பும் அதன்மேல் படிந்துகொண்டே வருகிறது. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து வெட்டி எடுத்த ஓரடித் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, வெளியே பழுதில்லாமல் இருந்த அந்த அரை இஞ்ச் குழாயினுள் ஒரு பென்சில்கூட முழுதாக நுழையவில்லை. தரையில் தட்டினால் காவி நிறச் செதில்கள் உதிர்ந்தன. இந்த நிலையில் உள்ள குழாயைச் சுத்தம் செய்ய முயல்வது வீண், மாற்றுவதுதான் வழி.

ஆனால் சுவரை உடைப்பதற்கு முன் குறை குழாயில்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். 10 லிட்டர் வாளி ஒன்றை ஒவ்வொரு குழாயின் கீழும் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதி வையுங்கள். எல்லா இடத்திலும் மெதுவாக வந்தால் தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயையோ அதைத் திறந்து மூடும் கேட் வால்வையோ சந்தேகிக்கலாம். பழைய கேட் வால்வுகளில் தண்டு உடைந்து, கைப்பிடி சுற்றினாலும் உள்தகடு பாதியிலேயே நின்றுவிடுவது வழக்கமாக நடப்பதுதான். ஒரே இடத்தில் மட்டும் குறைவென்றால் முதலில் குழாய் முனையின் சல்லடையையும் ஷவரின் துளைகளையும் கழற்றிக் கழுவிப் பாருங்கள். குளிர்ந்த நீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெலிதாக வந்தால், கீசரிலிருந்து வரும் குழாய் உப்பால் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில்தான் உப்பு வேகமாகப் படியும்.

அழுத்தமும் ஓட்டமும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில் அழுத்தத்தைத் தருவது தொட்டியின் உயரம் மட்டுமே. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். மொட்டை மாடியில் 1 மீட்டர் மேடைமேல் தொட்டி இருந்தால், மாடிக் குளியலறை ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே சுமார் 2 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.2 பார். குழாய் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதைக் கூட்டாது. இருக்கும் அழுத்தம் வழியில் வீணாகாமல் காக்க மட்டுமே அதனால் முடியும். தரைத்தளத்தில் தண்ணீர் பாய்ந்து வந்து மாடியில் மட்டும் சோம்பினால், தொட்டி மேடையை இன்னொரு மீட்டர் உயர்த்துவதே பெரிய பலன் தரும். தொட்டியின் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். துருவேறிய குழாயில் பிரஷர் பம்பு மாட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்தச் சுவருக்குள் எந்த இணைப்பு விட்டுக்கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது அளவு. பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். அரை இஞ்ச் ஜி.ஐ. குழாயை எடுத்துவிட்டு அரை இஞ்ச் சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) போட்டால் சரியாகிவிடும் என்று பிளம்பர்களில் பலரே நினைக்கிறார்கள். ஆனால் புதிய அரை இஞ்ச் ஜி.ஐ. குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அதே பெயரில் விற்கும் சிபிவிசி குழாயின் உள்விட்டமோ ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான். தண்ணீர் போகும் இடம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. முக்கால் இஞ்ச் சிபிவிசியில் ஏறத்தாழ 18, ஒரு இஞ்ச்சில் 23 என்று வரும். ஆகவே சிபிவிசிக்கு மாறும்போது பழைய குழாயைவிட ஓர் அளவு கூட்டியே போடுங்கள். கடையில் ‘இஞ்ச்’ என்று மட்டும் கேட்காமல் ஒரு ஸ்கேலைக் கொண்டுபோய் வாயை அளந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்விட்டம் ஒன்றரை மடங்கானால் அதே உயரத்தில் ஓட்டம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடும் என்பதால், இந்த இடத்தில் செலவழிக்கும் பணம் வேறெங்கும் செலவழிப்பதைவிட நன்றாக வேலை செய்யும். தொட்டியின் வெளிவாயிலையும் இறங்கு குழாயையும் ஒன்றேகால் அல்லது ஒன்றரை இஞ்ச்சில் வைத்து, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு இஞ்ச்சில் கிளை எடுத்து, அறைக்குள் முக்கால் இஞ்ச்சில் ஓட்டி, குழாய் மாட்டும் கடைசி அடியில் மட்டும் அரை இஞ்ச்சாகக் குறைப்பது இரண்டு மாடி வீட்டுக்குப் போதுமானது.

வழியில் வளைவுகளைக் குறையுங்கள். அரை இஞ்ச் குழாயில் ஒவ்வோர் எல்போவும் (வளைவு இணைப்பு) ஏறத்தாழ அரை மீட்டர் கூடுதல் குழாய் போட்டதற்குச் சமம். மொட்டை மாடியில் குழாய் ஏறி இறங்கி வளைந்தால் உயர்ந்த இடத்தில் காற்று தங்கி நீரைத் தடுக்கும். இதைத் தவிர்க்க, வால்வைத் தாண்டியவுடன் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் வரும்படி ஏர் பைப் ஒன்றை நிறுத்திவிட வேண்டும்.

பழைய குழாயைத் தோண்டி எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரு முனையையும் அடைத்து அங்கேயே விட்டுவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புதிய குழாயை இறக்கினால் டைல்ஸ் தப்பும். வெளியே ஓடும் சிபிவிசி, யுபிவிசி (குளிர்ந்த நீருக்கான பிளாஸ்டிக்) குழாய்களுக்கு வெயில் ஆகாது என்பதால் நீர் கலந்து அடிக்கும் பெயிண்டைப் பூசுங்கள். எண்ணெய் பெயிண்ட் சிபிவிசியைக் கெடுக்கக்கூடும். வெந்நீருக்கு யுபிவிசி கூடாது. உள்ளே காடி வெட்டும்போது தூணையும் உத்தரத்தையும் கொத்த விடாதீர்கள். தண்ணீர் பிடிக்கும் குழாயை (டேப்) மாட்டும் இடங்களில் பித்தளைத் திருகு பதித்த இணைப்பையே கேளுங்கள். வெறும் பிளாஸ்டிக் திருகை இறுக்கினால் சில மாதங்களில் விரியும்.

ஒட்டும்போது குழாயை நேராக வெட்டி, பிசிறைச் சீவி, ஈரம் துடைத்து, அதற்கே உரிய சொல்வென்ட் சிமெண்டை இரு பக்கமும் தடவி, கால் சுற்றுச் சுற்றிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். யுபிவிசிக்கான சிமெண்டைச் சிபிவிசிக்குப் போடும் சிக்கனத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த இணைப்பு ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பியை ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தக் குழாயை வெட்டிப் பிளாஸ்டிக் போட்டதும் எர்த் அறுந்துவிடும். கீசரில் மின்கசிவு ஏற்பட்டால் உயிருக்கே கேடு. ஆகவே வேலை தொடங்கும் முன்பே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டி, தனி எர்த் போட்டுவிடுங்கள்.

ஒட்டிய மறுநாள், 24 மணி நேரம் கழிந்தபின், எல்லா முனைகளையும் அடைத்துக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, சில மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகே கொத்தனார் பூசலாம். பூசுமுன், சுவரில் அளவு நாடாவை ஒட்டிப் பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் அலமாரிக்கு ஆணி அடிப்பவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கும். ஷவரையும் சல்லடைகளையும் கடைசியாக மாட்டுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு வாயையும் முழுதாகத் திறந்து, வெட்டிய தூளும் மணலும் வெளியேறும் வரை தண்ணீரை ஓட விட வேண்டும்.