மீட்டர் திருப்பிய காரைக் கண்டுபிடிப்பது எப்படி?

என் முதல் செகண்ட் ஹேண்ட் காரை 42,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று நம்பி வாங்கினேன். மூன்றாம் மாதம் சர்வீஸுக்கு விட்டேன். அதே வண்டி இரண்டு வருஷத்துக்கு முன்பே 88,000-இல் அங்கே வந்து போயிருக்கிறது! இந்த மாதம் அண்ணனுக்குக் கார் தேடியபோது இந்த வரிசையில்தான் பார்த்தேன்.

1. டயர்: பக்கவாட்டில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. வெளிப்பக்கம் காணோமென்றால் உள்பக்கம் இருக்கும், குனிந்து பாருங்கள். மீட்டரில் 25,000 இருக்க, நான்கு டயரும் வண்டியைவிட மூன்று வருஷம் புதுசு என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

2. உள்ளே: கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு, இவை மீட்டர் காட்டுவதற்குப் பொருந்தாமல் அதிகம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் கவரைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

3. சர்வீஸ் ரெக்கார்டு: நான் கோட்டை விட்டது இங்கேதான். முத்திரை குத்திய புத்தகத்தைக் காட்டினார்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பில்லின் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வருஷம் 18,000 ஓடிய வண்டி திடீரென்று வருஷம் 3,000 ஓடினால் அந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். ஃப்ரீ சர்வீஸோடு பில்கள் நின்றுபோனாலும் அப்படித்தான். அப்புறம், உரிமையாளரையே கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் முழு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். வெளியாளுக்குத் தரத் தயங்குவார்கள். 'நாளைக்குப் போகலாம்' என்று இழுத்தால் அந்த வண்டியே வேண்டாம் என்பேன்.

4. ஓபிடி ஸ்கேனர்: வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதைப் படிக்கும் சின்னக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, மொபைல் ஆப்பில் 'கோடு (பழுதுக் குறியீடு, code) அழித்தபின் ஓடிய தூரம்' என்பதைப் பாருங்கள். மீட்டர் 40,000 என்று சொல்ல, இது 61,000 காட்டினால் பேச்சே வேண்டாம். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியைவிட இதற்குத்தான் நான் காசு செலவழிப்பேன்.

5. ஆர்.சி.: எத்தனையாவது உரிமையாளர், முன்பு மஞ்சள் போர்டில் ஓடியதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: ஸ்கேனரில் அந்தத் தூரம் 900 கிலோமீட்டர் என்று வந்தது, வண்டி சுத்தம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. பழுதுக் குறியீட்டை அழித்தாலே அந்த எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எண் மீட்டரைவிடப் பெரிதாக வந்தால்தான் ஆதாரம். சிறிதாக வந்தால் மூன்றாம் படிக்கே திரும்பிப் போங்கள்.