பிள்ளையோடு ரொறன்ரோவுக்கு வருகிறவர்களுக்கு

முதலில் பெயரைப் பாருங்கள். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் எங்கள் ஆட்கள் தடுமாறுவது வழக்கம். தகப்பனின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் இடம் மாற்றி எழுதிவிட்டால், பள்ளிக்கூடத்தில் ரீச்சர் தகப்பனின் பெயரைச் சொல்லித்தான் பிள்ளையைக் கூப்பிடுவார். ஏழாம் வகுப்பில் பாதி ஆண்டு நான் அப்பாவின் பெயருக்குக் கை உயர்த்தினேன். அப்பாவின் குடும்பப் பெயர் அப்பப்பாவினுடையது, எங்களுடையது அப்பாவினுடையது என்பதால், அப்பா எங்களுக்கு என்ன உறவு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். முதல் பத்திரத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் பெயர் விழுகிறதோ அதுதான் பிறகு சுகாதார அட்டை, சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்), பள்ளிக்கூடப் பதிவு எல்லாவற்றிலும் வரும். பிழை இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். 'பிறகு பார்ப்பம்' என்று விட்டவர்கள் பல வருடம் அலைந்திருக்கிறார்கள்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் போருக்குப் பயந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. மழை வேறு. தம்பியின் மாப்பால் ரின் என் கையில். அடுத்த ஆண்டு கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வன்னி, பிறகு வவுனியா, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை. 1998 பெப்ரவரியில், ஏற்கெனவே இங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த அப்பாவிடம் வந்து சேர்ந்தோம்.

இப்போது வருகிற பிள்ளைகள் ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் அல்ல. போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மா அப்பாக்களில் பலர் போர் முடிந்த முள்ளிவாய்க்காலிலும், பிறகு சனங்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள். இன்னும் சிலர் மண்டபம் முகாமில் இறங்கி, தமிழ்நாட்டு முகாம்களிலேயே வளர்ந்தவர்கள். அதனால் கீழே 'பிள்ளை' என்று வரும் இடங்களில் உங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம்

விசா முடிவு, வழக்கு முடிவு எதற்கும் காத்திருக்க வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை, அவரோ பெற்றோரோ சட்டப்படி நாட்டில் இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்காமல் விடக்கூடாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டமே சொல்கிறது. தடுப்பூசி அட்டை, பிறந்த தேதி தெரியும் பத்திரம், வீட்டு முகவரிக்கு ஆதாரம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஊரிலோ முகாமிலோ படித்த புள்ளிப் பட்டியல் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

இங்கே வயதைப் பார்த்துத்தான் வகுப்பு. இரண்டு வருடம் படிப்பு விட்டுப்போயிருந்தாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழாம் வகுப்பில்தான் இருக்கும். பெற்றோர் இதைப் பெருமையாக நினைப்பதுண்டு, 'ஒரு வருடமும் வீணாகவில்லை' என்று. எனக்குப் பின்னம் கூட்டத் தெரியாது. கிளிநொச்சியில் மரத்தடி வகுப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆங்கிலம் தெரியாததால்தான் கணக்கு வரவில்லை என்று ரீச்சர் நினைத்தார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஆங்கிலம் புதிது என்பதற்கு ஈ.எஸ்.எல். உதவி. படிப்பே இடையில் அறுந்துபோனவர்களுக்கு ஈ.எல்.டி. என்று வேறு ஒன்று உண்டு. எத்தனை மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை வெட்கப்படாமல் சொன்னால்தான் சரியான உதவி கிடைக்கும்.

பல பள்ளிக்கூடங்களில் புதிதாக வந்த குடும்பங்களுக்கென்றே குடியமர்வுப் பணியாளர் ஒருவர் வருவார். அவரைக் கேட்டுத் தேடிப் பிடியுங்கள். சாப்பாட்டுப் பெட்டியில் கச்சான் (வேர்க்கடலை) போட வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் பல இடங்களில் தடை. குளிர் காலத்திலும் இடைவேளைக்கு வெளியேதான் விடுவார்கள், ஆகவே பனிச்சப்பாத்தும் கையுறையும் முதல் சம்பளத்துக்கு முன்பே வேண்டும். பழையதாக வாங்கினால் ஒரு குறையும் இல்லை.

சத்தங்கள்

இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நெருப்புப் பயிற்சி என்று முன்னறிவிப்பில்லாமல் மணி அடிக்கும். எல்லோரும் வரிசையாக வெளியே போவார்கள். முதல் தடவை நான் மேசைக்குக் கீழே போனேன். வகுப்பு சிரித்தது. இதைவிடக் கடினமானது லொக்டவுன் பயிற்சி. கதவைப் பூட்டி, வெளிச்சத்தை அணைத்து, சுவரோரம் நிலத்தில் சத்தமில்லாமல் இருக்கச் சொல்வார்கள். பங்கருக்குள் இருந்தவனுக்கு அது பயிற்சியாகத் தெரியாது. முதல் வாரத்திலேயே வகுப்பு ரீச்சருக்கு ஒரு சின்னக் கடிதம் கொடுங்கள்: பிள்ளை, அல்லது பிள்ளையின் வீடு, போரிலிருந்து வந்தது, பயிற்சி நாளை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று. கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

மே மாதம் விக்ரோரியா நாளுக்கும் யூலை 1 கனடா நாளுக்கும் இரவில் வாணவேடிக்கை. செப்ரெம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் நாள் வார இறுதியில், ஒன்ராறியோ ஏரிக்கு மேலே விமானக் காட்சி. அதற்கு முந்திய நாட்களிலேயே ஒத்திகை தொடங்கிவிடும். போர் விமானங்கள் தாழப் பறக்கும்.

நாங்கள் அப்போது வெல்லஸ்லி, பார்லிமென்ற் சந்திக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். ஹெலியா பொம்மரா கிபிரா என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகியிருந்த நான், அது கிபிர், குண்டு போடும் ஜெற் விமானம், என்று முடிவெடுத்துவிட்டேன். அம்மா தம்பியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கனடாவில் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன் பல்கனியில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். அன்று இரவு தம்பி படுக்கையை நனைத்தான். அவனுக்கு ஊரில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை. அவன் பயந்தது விமானத்துக்கல்ல, அம்மாவின் முகத்துக்கு.

ஆகவே அந்த மூன்று நாட்களையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பிள்ளைக்கு முதல் நாளே சொல்லுங்கள். உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அந்த வார இறுதியில் ஏரிப் பக்கத்தை விட்டுத் தள்ளி உறவினர் வீட்டுக்குப் போவதில் ஒரு கோழைத்தனமும் இல்லை. நித்திரை வராமை, காரணமில்லாத கோபம், திடுக்கிட்டு எழும்புவது எல்லாம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். போரிலும் சித்திரவதையிலும் பாதிக்கப்பட்டு வந்தவர்களுக்கென்றே ரொறன்ரோவில் 1977இல் தொடங்கிய கனடிய நிலையம் ஒன்று இருக்கிறது, குடியமர்வு உதவியும் மனநல உதவியும் கிடைக்கும். 'விசர் என்று நினைப்பினம்' என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு நீரிழிவு வந்தால் தள்ளிப்போடுவீர்களா?

காசும் அடியும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு, பழைய ஆட்கள் 'பிரவுண் பேப்பர்' என்று சொல்லும் கோரிக்கையாளர் பத்திரத்தோடு மத்திய அரசின் இடைக்கால மருத்துவ உதவி வரும். ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கும், பிள்ளை வளர்க்க அரசு மாதாமாதம் தரும் பிள்ளைக்காசுக்கும் விண்ணப்பியுங்கள். வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் வரிப் படிவம் நிரப்பினால்தான் பிள்ளைக்காசு நிற்காமல் வரும். பிள்ளைக்கு அடித்த தழும்பு ரீச்சரின் கண்ணில் பட்டால் அவர் சிறுவர் பாதுகாப்புக்கு அறிவித்தே ஆக வேண்டும், அது அவரின் சட்டக் கடமை. ரீச்சரைக் கோபித்துப் பயனில்லை.

பிள்ளை மொழிபெயர்ப்பாளர் அல்ல

ஆறு மாதத்தில் பிள்ளை ஆங்கிலம் கதைக்கத் தொடங்கும். அன்றிலிருந்து வீட்டுக் கடிதம், வங்கி, மின்சாரக் கட்டணம் எல்லாம் அதன் தலையில். பார்க்கிறவர்கள் 'கெட்டிக்காரப் பிள்ளை' என்பார்கள். எனக்குப் பதின்மூன்று வயதில் அம்மாவோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த உறுப்புக்குத் தமிழில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'வயிற்றுக்குள்ள ஒன்றை எடுக்கப் போகினமாம்' என்றேன். அம்மா அதைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு இரண்டு கிழமை சாப்பிடாமல் இருந்தார்.

அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை, விசாரணை நடத்தும் குடிவரவு அகதிச் சபையே இலவசமாக ஒழுங்கு செய்யும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லும்போது பிள்ளை அறையில் இருந்துதான் ஆக வேண்டுமா என்று லோயரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மருத்துவமனைகளிலும் தொலைபேசியிலாவது மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். எங்கே என்ன உதவி என்று தெரியாவிட்டால் 211க்கு அழைத்து 'ரமில்' (ஆங்கிலத்தில் தமிழ்) என்று மட்டும் சொன்னாலும் போதும்.

அம்மாவின் அந்தக் குழப்பத்துக்குப் பிறகு குடியமர்வுப் பணியாளர் ஒருவர் ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டித் தந்தார்: 'ரமில் இன்ரர்பிரற்றர், பிளீஸ்.' சமைக்கும்போதெல்லாம் அம்மா அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். அடுத்த முறை மருத்துவமனையில், நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார். நான் வெளியே கதிரையில் இருந்து சித்திரக்கதைப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.